ஏழு தகடு போட்ட ஜீப்

எங்கள் வீட்டு ஜீப்புக்கு என் மனைவியைவிட இரண்டு வயது அதிகம். அதன் இலக்கத் தகட்டில் இன்னும் அந்தப் பழைய ஸ்ரீ எழுத்து இருக்கிறது. ஏன் இப்படி ஒரு கிழட்டு வண்டியை வாங்கினாய் என்று கேட்பவர்களிடம், மனைவியின் முதுகுக்காக வாங்கினேன் என்றுதான் சொல்வேன். அவள் பக்கத்தில் இருந்தால் சிரிப்பாள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஜீப்புக்கு ஏங்கியவன் நான் என்பதும், அவளுடைய முதுகு எனக்கு நல்லதொரு சாட்டாக வாய்த்தது என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவள் கணித ஆசிரியை. மடுல்கெல்லப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கிற சின்னப் பாடசாலையில் படிப்பிக்கிறாள். நாங்கள் குடியிருப்பது கட்டுகஸ்தோட்டையில். முன்பெல்லாம் வெளிச்சம் வரும்போதே வீட்டை விட்டு இறங்கி, வத்தேகமவுக்கு ஒரு பஸ், அங்கிருந்து பன்வில தாண்டி இன்னொரு பஸ், பிறகு தோட்டச் சந்தியிலிருந்து ஓர் ஆட்டோ என்று போய்ச் சேருவாள். சந்தியிலிருந்து பாடசாலைக்கு மூன்று மைல்தான். அதை றோட்டு என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. வெள்ளைக்காரன் காலத்தில் கல் பதித்தார்கள். அதற்குப் பிறகு அதில் வேலை செய்தது மழை மட்டும்தான்.

அந்த றோட்டு அவள் முதுகை ஒரு வழி பண்ணிவிட்டது. டிஸ்க் விலகியிருக்கிறது என்று கண்டி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு போகக் கூடாது, ஆட்டோவில் ஏறவே கூடாது என்றார்கள். அடுத்த வாரமே நான் ஜீப்போடு வந்து நின்றேன். நான் கண்டியில் ஓர் அரச கந்தோரில் வரைபடம் கீறுகிறவன். எட்டரைக்குள் கையெழுத்து வைக்க வேண்டும். ஆகவே ஜீப் ஓட்டப் பழகியது அவள்தான். சாரியைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, பின்னால் வருகிற பஸ்காரனின் ஹோர்னைக் காதில் வாங்காமல் அவள் கியர் மாற்றுகிற அழகை நான் இரண்டு மூன்று நாள் ஒழுங்கை முனையில் நின்று பார்த்திருக்கிறேன்.

அவளும் அந்தத் தோட்டத்தில் பிறந்தவள்தான். அவள் படித்த காலத்தில் அங்கே கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை. கணிதப் பாடவேளை வந்தால் பிள்ளைகளை முற்றம் கூட்ட விடுவார்களாம். கண்டியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, இரண்டாம் தரம் எழுதித்தான் அவள் கணிதம் பாஸ் பண்ணினாள். கல்வியியற் கல்லூரியை முடித்துவிட்டு வந்தபோது எந்தப் பாடசாலை விருப்பம் என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவரும் விரும்பிக் கேட்காத அந்தப் பாடசாலையின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறாள். எழுதியதைத் திரும்ப ஒருமுறை வாசித்துப் பார்க்கும்படி அங்கிருந்த உத்தியோகத்தர் சொன்னாராம்.

ஜீப் வந்து மூன்று வருடம் கொஞ்சம் சுகமாகப் போனது. பிறகு வலி திரும்ப வந்தது. பின்னேரம் ஜீப்பை நிறுத்திவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை நிலத்தில் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். நான் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். நாலு சில்லுக்கும் மேலே அடுக்கடுக்காக வில்லுப்போல் வளைந்து இருக்க வேண்டிய ஸ்பிரிங் தகடுகள் வளைவு போய் அடிமட்டம் வைத்துக் கோடு கீறலாம் போல நேராகியிருந்தன. பள்ளத்தில் விழுந்தால் அச்சு நேரே போய் மேல் சட்டத்தில் இடிக்கும். அந்த இடி எங்கே போய்ச் சேரும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு நான் கண்டுபிடித்த காரணம், அவள் ஏற்றுகிற பிள்ளைகள். சந்தியில் காத்து நிற்கிற பிள்ளைகளையெல்லாம் அவள் பின்னால் அள்ளிப் போட்டுக்கொண்டுதான் மேலே போவாள். இது ஜீப்போ, டவுன் பஸ்ஸோ என்று நான் எத்தனையோ தரம் கேட்டாயிற்று. அதற்கு அவள் பதில் சொன்னதேயில்லை.

அந்தத் தவணை கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் இந்தப் பயணத்தை நிற்பாட்டச் சொல்லிவிட்டார். டவுனுக்குள் மாற்றம் எடுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் நடக்கவும் முடியாமல் போகும் என்றார். அவள் மறுநாளே இடமாற்றப் படிவம் ஒன்றை வாங்கி வந்து அலுமாரிக்குள் வைத்தாள். மாத முடிவுக்குள் அதைப் பாடசாலை அதிபரிடம் கொடுக்க வேண்டும். இராச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவள் சோற்றை அளைந்துவிட்டு எழும்பிப் போனாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன்.

படிவத்தை நிரப்ப வேண்டாம், மாத முடிவுவரை எனக்குத் தவணை தாரும் என்று அவளிடம் கேட்டேன். ஜீப்பின் அடிப்பகுதியை முழுக்க மாற்றி, அதைக் கார் மாதிரி ஆக்கித் தருகிறேன் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை கொஞ்சம்தான் இருந்தது. ஆனால் சரி என்றாள்.

நான் ஒரு விஷயத்தில் இறங்கினால் அரைகுறையாக இறங்குவதில்லை. ஒரு கிழமையாக ஃபோனில் ஸ்பிரிங் பற்றிய வீடியோவாகவே பார்த்தேன். எந்த நாட்டுக்காரன் எந்தப் பாலைவனத்தில் எந்த ஸ்பிரிங் போட்டு ஓடுகிறான் என்று எனக்கு மனப்பாடம். கந்தோரில் தேத்தண்ணி நேரத்தில் நான் வாயைத் திறந்தால் ஆட்கள் கோப்பையை எடுத்துக்கொண்டு யன்னல் பக்கம் போனார்கள். கடைசியில் ஏழு தகடு அடுக்கிய ஒரு பாரமான செட்டையும் நாலு புது ஷொக் அப்சோபரையும் தேடிப் பிடித்து வாங்கினேன். பழையதில் ஐந்து தகடுதான். ஐந்தைவிட ஏழு நல்லதுதானே.

இதை வாசிக்கிற எங்கள் ஊர் ஆட்கள் என்னை விளங்கிக்கொள்வார்கள். நான் யாழ்ப்பாணத்தான். நாங்கள் நாலடி மதில் கட்டினாலும் மாடி வீட்டுக்குப் போடுகிற அத்திவாரம் போடுகிற ஆட்கள். ஒருக்கால் செய்தால் பேரப்பிள்ளை காலம்வரை நிற்க வேண்டும். இந்தப் புத்திதான் என்னை அலவத்துகொடைக்குக் கூட்டிக்கொண்டு போனது.

அங்கே, பிரதான வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஜீப் வேலை மட்டும் பார்க்கிற ஒரு கராஜ் இருக்கிறது. அதை நடத்துகிற முஸ்லிம் மனிதரை எல்லாரும், அண்ணன் என்கிற முறையில், நானா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிட இளையவர், ஆனாலும் எனக்கும் நானாதான். சத்தமில்லாத மனிதர். என் செட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒவ்வொரு தகடாக விரலால் தட்டிப் பார்த்தார். வண்டியில் எத்தனை பேர் போகிறது என்று கேட்டார். பிள்ளைகளை இனி ஏற்ற விடுவதில்லை என்று முடிவு கட்டியிருந்ததால், மனைவி மட்டும்தான் என்றேன். அவர் தகட்டைக் கீழே வைத்தார்.

"சேர், இது பாரம் ஏத்துற வண்டிக்கு உள்ள செட்டு. ஒராள் போற வண்டிக்கு இது முரடு. ரெண்டு தகட்டக் கழட்டி வெச்சிட்டுப் போடுவமா?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஒரு கிழமையாக இதைத் தவிர வேறொன்றையும் படிக்காத மனிதனிடம், பெட்டியைப் பிரித்து அரை மணித்தியாலம் ஆகவில்லை, கழற்றுவோமா என்று கேட்கிறார்.

"காசு குடுத்து வாங்கின சாமானைக் கழட்டி மூலையில வைக்கிறதோ? ஏழையும் போடுங்கோ நானா."

அவர் தகட்டை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். எல்லாவற்றையும் முறையாகப் பூட்டி, புஷ் எல்லாம் புதிதாக மாற்றி, ஒவ்வொரு நட்டையும் இரண்டு தரம் இறுக்கி, மாலையில் வண்டியைத் தந்தார். ஜீப் அரையடி உயர்ந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிற சேவல் மாதிரி இருந்தது. கட்டுகஸ்தோட்டைவரை தார் றோட்டில் ஓட்டி வந்தேன். கொஞ்சம் விறைப்பாக இருந்ததுதான். புதுச் சாமான் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அவளுக்கு ஒரு சட்டம் போட்டேன். புது ஸ்பிரிங் படிந்து வர ஒரு மாதம் எடுக்கும் என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அதனால் ஒரு மாதத்துக்கு ஒருவரையும் ஏற்றக் கூடாது, சந்தியில் எந்தப் பிள்ளை கை காட்டினாலும் நிறுத்தக் கூடாது. இந்தத் தரமும் பாரம் ஏற்றி ஸ்பிரிங்கை இருத்தினால் நான் பொறுப்பில்லை என்று சத்தமாகவே சொன்னேன். அவள் ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்தாள். படி உயர்ந்துவிட்டது, சாரியோடு ஏறுவது கஷ்டம் என்று மட்டும் சொன்னாள். அடுத்த நாள் வெல்டிங் கடையில் ஒரு கால்படி ஒட்டுவித்தேன்.

முதல் நாள் பின்னேரம் வாசலிலேயே நின்று கேட்டேன், எப்படி இருந்தது என்று. நல்லா இருக்குங்க என்றாள். இரண்டாம் நாளும் கேட்டேன், நல்லா இருக்குங்க என்றாள். மூன்றாம் நாளிலிருந்து நான் கேட்பதை விட்டுவிட்டேன். ஏனென்றால் விடை எனக்குத் தெரியும், நான் செய்த வேலை பிழைக்காது. கந்தோரில் யாருடைய வாகனம் இடித்தாலும் என்னிடம் வந்து கேளுங்கள் என்று சொல்லித் திரிந்தேன்.

இப்போது யோசித்தால் எல்லாம் தெரிகிறது. சுடுதண்ணிப் பை அலுமாரியிலிருந்து வெளியே வந்து கட்டில் தலைமாட்டிலேயே இருந்தது. தைலப் போத்தல் ஒன்று முடிந்து இன்னொன்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் படுத்திருந்தாள். பழைய வலி ஆற நாள் எடுக்கும்தானே என்று நான் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். பாட்டுப் பாடிக்கொண்டு வண்டி கழுவினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இப்படி இரண்டு கிழமை போனது. அந்த மாதத்தின் கடைசிப் பாடசாலை நாள் காலை, அவளால் காலைத் தூக்கிக் கிளச்சில் வைக்க முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் இடமாற்றப் படிவம் கிடந்தது. நிரப்பிக் கையெழுத்தும் வைத்திருந்தாள். காரணம் என்ற இடத்தில், உடல்நிலை என்று ஒரே ஒரு சொல். எனக்குத் தலையிடி பிடித்தது. ஸ்பிரிங் எல்லாம் மாற்றியாயிற்றே, பிறகு ஏன் என்று கேட்டேன். டொக்டர் சொன்னது சரிதாங்க, எனக்கு இனி ஏலாது என்றாள். சொல்லிவிட்டுப் படிவத்தை எடுத்துத் தன் ஃபைலுக்குள் வைத்தாள்.

கந்தோருக்கு லீவு சொல்லிவிட்டு நானே ஓட்டினேன். அந்த ஸ்பிரிங்கோடு தோட்ட றோட்டுக்கு நான் போவது அதுதான் முதல் தரம். வத்தேகம வரையும், பன்வில வரையும் நல்ல தார் றோட்டு. மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் மடியில் ஃபைலை வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள். படிவம் அதற்குள் இருந்தது.

சந்தி வந்தது. மரத்தடியில் பிள்ளைகள் நின்றார்கள். உரப் பையைத் தலைக்குமேல் பிடித்தபடி சிலர், புத்தகப் பையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு சிலர். ஜீப்பைக் கண்டதும் ஒருவரும் கை காட்டவில்லை. எல்லாரும் ஓரத்துக்கு விலகி வழி விட்டார்கள். ஒரு சின்னப் பிள்ளை மட்டும் கையைத் தூக்கியது. பக்கத்தில் நின்ற அக்கா அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள். என் மனைவி மற்றப் பக்கம், தேயிலைப் பக்கம், முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இரண்டு கிழமையாகத் தினமும் இப்படித்தான் இந்தப் பிள்ளைகளைக் கடந்து போயிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எப்படியும் இவை அவளுடைய கடைசி நாட்கள். ஸ்பிரிங் இனி நிமிர்ந்தால் என்ன, அமுங்கினால் என்ன என்று ஜீப்பை நிறுத்தினேன். பன்னிரண்டு பிள்ளைகள் ஏறினார்கள். பாடசாலையில் பகல் சாப்பாடு சமைக்கிற அம்மா ஒருவரும் ஓர் அரிசி மூட்டையோடு ஏறினார். பின்பக்கம் ஈர மணத்தாலும் கதையாலும் நிறைந்துவிட்டது. என் மனைவி முன்னால் இருந்த பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடினாள். அந்த ஆயத்தத்தைப் பார்க்க எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

றோட்டைக் குறுக்கே வெட்டுகிற முதல் தண்ணீர்க் கானில் ஜீப்பை இறக்கினேன். ஜீப் மெதுவாக அமர்ந்து மெதுவாக எழுந்தது. அடுத்த பள்ளம், பிறகு அந்தப் பெரிய கல்லுப் படி. எல்லாவற்றையும் ஜீப் தன்பாட்டில் விழுங்கிக்கொண்டு போனது. மூன்றாவது கான் தாண்டியதும் அவள் கண்ணைத் திறந்தாள். ஒரு கையைப் பிடியிலிருந்து எடுத்தாள். கொஞ்ச தூரம் போய் மற்றக் கையையும் எடுத்து மடியில் வைத்தாள். பின்னால் யாரோ ஒரு பிள்ளை வாய்ப்பாடு சொல்லத் தொடங்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

எனக்கு மண்டைக்கனம் ஏறிவிட்டது. பார்த்தீரோ, ஏழு தகடென்றால் சும்மாவோ, இதற்குள் இருந்துகொண்டு முதுகு நோகுது என்கிறீரே என்று கேட்டேன். அவள் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

பாடசாலை முற்றத்தில் பிள்ளைகள் குதித்து இறங்கினார்கள். அவள் கதவைப் பிடிக்காமலே இறங்கினாள். இறங்கி, சில்லுக்குப் பக்கத்தில் நின்று, பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கி முடியும்வரை ஜீப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் வேலைத் திறமையை ரசிக்கிறாள் என்று நான் நினைத்தேன். பிறகு ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அதிபரின் அறைப் பக்கம் நடந்தாள். நான் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு கீழே வெளிக்கிட்டேன்.

முதல் கல்லிலேயே என் தலை கூரையில் போய் இடித்தது. இரண்டாவது கல்லில் பல்லோடு பல் மோதி நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஏதோ உடைந்துவிட்டது என்று வேகத்தைக் குறைத்தேன். நடந்து போகிறவன் என்னை முந்திப் போகலாம், அவ்வளவு மெதுவாக ஓட்டினேன். அப்படியும் பின்பக்கம் எழும்பி எழும்பி விழுந்தது. ஒவ்வொரு கல்லும் சீற்றுக்கூடாக ஏறி இடுப்பில் குத்தியது. ஒரு வளைவில் ஜீப்பை நிறுத்தி, மழையில் இறங்கி, சேற்றில் படுத்து அடியில் பார்த்தேன். ஒரு நட்டுக்கூடத் தளரவில்லை. நானா பூட்டியது பூட்டினபடி இருந்தது.

மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர், வண்டி உடைந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கூடையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"டீச்சரும் தெனைக்கும் இந்த வளைவுலதாங்க நிப்பாட்டுவாங்க. எறங்கி, இடுப்பப் புடிச்சிக்கிட்டு கொஞ்ச நேரம் நிப்பாங்க. அப்பறந்தான் போவாங்க."

நான் சேற்றுக் கையோடு அங்கேயே நின்றேன். மேலே வந்தபோது பன்னிரண்டு பிள்ளைகளும் ஓர் அரிசி மூட்டையும் இருந்தன. இப்போது நான் ஒருவன்தான். பாரம் தூக்கச் செய்த ஸ்பிரிங்குக்குப் பாரம் இல்லாவிட்டால் அது வளையாது. வளையாத ஸ்பிரிங் வெறும் இரும்புக் கட்டை. நானா சொன்னதும் அதைத்தான். முரட்டு ஸ்பிரிங்கைப் போட்டவனும் நான், அதை வளைக்கக்கூடிய பிள்ளைகளை ஏற்றாதே என்று சட்டம் போட்டவனும் நான். அவள் இரண்டு கிழமையாக, போகவும் வரவும், இந்த இரும்புக் கட்டையின் மேல் தனியாக இருந்து போயிருக்கிறாள். போய் வந்து, நல்லா இருக்குங்க என்று சொல்லியிருக்கிறாள்.

அப்போதுதான் ஃபைல் ஞாபகம் வந்தது. ஃபோனில் சிக்னல் இல்லை. அந்த இடத்தில் ஜீப்பைத் திருப்பவும் முடியாது. அரை மைல் கீழே கொழுந்து நிறுக்கிற மடுவம் வரை போய்த்தான் திருப்பினேன். திரும்ப மேலே ஏறும்போது மெதுவாக ஓட்டப் பொறுமை இல்லை. இடித்த இடியெல்லாம் எனக்கு வேண்டியதுதான் என்று வாங்கிக்கொண்டு ஓட்டினேன். அதிபர் கையெழுத்து வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அவளுடைய பிள்ளைகள் கணிதப் பாடவேளையில் முற்றம் கூட்டுவார்கள். அந்த எண்ணம் வந்தபோது எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

அதிபரின் அறையில் ஒருவரும் இல்லை. அவள் பதினோராம் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். சட்டை முழுக்கச் சேறோடு நான் வாசலில் நின்றதும், வகுப்பு முழுதும் எழும்பி வணக்கம் சொன்னது. அவள் பிள்ளைகளை இருக்கச் சொல்லி, ஒரு கணக்கைக் காட்டிச் செய்ய விட்டு, வெளியே வந்தாள். அவள் கையில் சோக்குத் தூள்.

"படிவத்தைக் குடுத்துப் போட்டீரோ?"

"இல்லங்க. ஃபைல்லதான் இருக்கு."

 விறாந்தைச் சுவரில் சாய்ந்துகொண்டேன். ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். பிள்ளைகள் இறங்க இறங்க ஜீப் மேலே எழும்பியதைப் பார்த்தாளாம். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று கண்ணாலேயே கணக்குப் போட்டாளாம். அதிபரின் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வகுப்புக்கு வந்துவிட்டாளாம். ஒரு கிழமை வீடியோ பார்த்த எனக்குச் சேற்றில் உருண்டபிறகுதான் விளங்கியது, அவளுக்கு ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கிறது. அவள் கணித டீச்சர்.

பிழை என்னுடையது என்று சொன்னேன். அதைச் சொல்வது நான் நினைத்த அளவு கஷ்டமாக இருக்கவில்லை. அதற்கடுத்த கேள்விதான் கஷ்டமாக இருந்தது.

"இவ்வளவு நாளும் நோகுதெண்டு எனக்கு ஏன் சொல்லேல்ல?"

அவள் கையிலிருந்த தூளைத் தட்டினாள்.

"நீங்க ஆசையா செஞ்சீங்க. சரியில்லன்னு சொன்னா கோவிச்சுக்குவீங்க."

"அப்ப எனக்குச் சொல்லாமலே பள்ளிக்கூடத்தை விட்டிருப்பீரோ?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். கணக்கில் விடை சரியா என்று திரும்பிப் பார்ப்பது போல யோசித்தாள்.

"விட்டிருப்பேங்க" என்றாள்.

கோபத்தோடு சொல்லவில்லை. குறையாகவும் சொல்லவில்லை. நேரம் கேட்டால் நேரம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வகுப்புக்குள் போனாள். தன் வாழ்க்கையில் ஆசைப்பட்டு எழுதிக் கேட்ட ஒரே இடத்தை அவள் விட்டுவிடத் தயாராக இருந்திருக்கிறாள். என் முகம் சுருங்குவதைப் பார்க்கத் தயாராக இருக்கவில்லை. என் கோபம் எனக்கு எப்போதும் ஒரு சின்ன விஷயம். வரும், போகும், பிறகு நானே பிளேன்டீ போட்டுக் கொடுப்பேன். மற்றப் பக்கத்தில் அது எவ்வளவு பெரிதாக நிற்கிறது என்று எனக்கு அன்றுவரை தெரியாது. பிள்ளைகள் யன்னலால் எட்டிப் பார்க்கிறார்கள் என்பதையும் மறந்து, அந்த விறாந்தையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு வந்த சனிக்கிழமை இருவருமாக அலவத்துகொடைக்குப் போனோம். நடந்ததையெல்லாம் நானாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். நான் அப்பவே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேன். இரண்டு தகடு கழற்றுவது ஒரு மணித்தியால வேலை என்றார். முன் சீற்றில் இருந்த என் மனைவி, வேண்டாம் நானா, புள்ளைங்க இருக்காங்க என்றாள். கல்லு றோட்டு மூன்று மைல், அந்த மூன்று மைலுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மற்றதெல்லாம் தார் றோட்டு. ஜீப் ஏழு தகடோடேயே திரும்பி வந்தது. படிவம் நிரப்பினபடியே பழங்கடதாசிக்குள் போனது. அடுத்த கிளினிக்கில் டொக்டர் அவளைக் குனியச் சொல்லி நிமிரச் சொல்லிப் பார்த்துவிட்டு, முதுகு தேறியிருக்கிறது, எந்தப் பாடசாலைக்கு மாற்றம் கிடைத்தது என்று கேட்டார். அவள் சிரித்தாள், நான் கூரையைப் பார்த்தேன்.

இப்போது காலையில் சந்தியில் ஆள் குறைந்தால் அவள் கொஞ்சம் நின்று பார்த்துத்தான் போகிறாள். வருகிறபோது கடைக்குப் போகிறவர்கள், கிளினிக்குக்குப் போகிறவர்கள், மரக்கறி மூட்டைக்காரர் என்று யாராவது இருப்பார்கள். நான் லீவில் ஓட்டுகிற நாட்களில் ஓரமாக நடந்து போகிறவர்களை நிறுத்தி, ஏறுங்கோ ஏறுங்கோ என்று நானே கூப்பிடுகிறேன். சிலர் பயந்து விலகிப் போவதும் உண்டு.

போன கிழமை ஒரு பின்னேரம் வந்தவள் பையைக் கதிரையில் வைத்தாள்.  அவளே சொன்னாள்:

"இன்னைக்கு நல்லா வலிச்சிச்சுங்க. புள்ளைங்களுக்குக் காய்ச்சல், ஆறு பேர்தான் வந்தாங்க. அதோட, நீங்க தச்சு வாங்கிக் குடுத்த அந்த சீற் மெத்த இருக்கே, அது சரியே இல்ல. அத மாத்துங்க."

அந்த மெத்தைக்காக நான் மூன்று சனிக்கிழமை அலைந்திருந்தேன். பஞ்சின் தடிப்பு, சாய்வு எல்லாம் படம் கீறி, அளவு கொடுத்துத் தைப்பித்தது. எனக்குக் கோபம் வந்தது. வரவில்லை என்று எழுதினால் அது பொய். முகம் சுருங்கியது எனக்கே தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, சொன்னதை மாற்றாமல், நல்லா இருக்குங்க என்று சமாளிக்காமல், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

கல்யாணம் கட்டிப் பதினேழு வருடத்தில் நான் வாங்கிய ஒரு சாமானை அவள் சரியில்லை என்று என் முகத்துக்கு நேரே சொன்னது அதுதான் முதல் தரம். எனக்குச் சிரிப்பு வந்தது. பெரிய சந்தோஷமாகவும் இருந்தது. எந்த இடத்தில் குத்துகிறது என்று காட்டும் என்று சொல்லி, மெத்தையைக் கழற்ற ஜீப்புக்குப் போனேன். அவளும் பின்னால் வந்தாள்.